பெல்ட் மாற்றிய தேதி

தீர்ப்பில் கார் எனக்கு வந்தது.
நோட்டு வரவில்லை.
கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு;
டாஷ்போர்டுப் பெட்டியில் அது கிடந்த இடத்தில் இப்போது
பங்க் ரசீதுகளும்
காய்ந்துபோன ஓர் எலுமிச்சையும்.

பதினாறு வயது டர்போ டீசல்.
நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உசிலம்பட்டிக்கு
எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.
வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க
எனக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.
ஒருநாளும் வழியில் விட்டதில்லை இந்த வண்டி,
போன செவ்வாய் வரை.

செவ்வாயன்று இழுவை இல்லை.
மூன்றாம் கியரில் எப்போதும் எழும் மெல்லிய விசிலுக்குப் பதில்
பாம்புச் சீறல்.
கண்ணாடியில் கரும்புகை.
புகைக்குள்ளிருந்து ஒரு மினிபஸ் திட்டிக்கொண்டே முந்தியது.

செக்கானூரணி தாண்டி நஜ்முதீன் ஒர்க்‌ஷாப்.
பானெட்டுக்குள் கைவிட்டுத் தடவினார், நாடி பார்ப்பதுபோல.
இன்டர்கூலர் ஹோஸில் நகக்கண் அளவு கிழிசல்.
"சாப்பாடு இருக்குக்கா, மூச்சுதான் இல்ல."
அளவுகோலை உருவித் துணியில் துடைத்தார்.
போன வாரம் ஊற்றிய ஆயில், தார்போலக் கறுப்பு.
ஏமாற்றிவிட்டாரோ என்று நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.
"டீசல்ல மறுநாளே கறுத்துரும்.
அழுக்க இழுத்து வச்சுக்கிறதுதான அதோட சோலி."

பிறகு கேட்டார்:
"டைமிங் பெல்ட்டு எப்ப மாத்துனது?"

தெரியாது.
பாதி ஊரின் ஹீமோகுளோபின் தெரியும் எனக்கு.

"ஹோஸ் போனா சீறும். டர்போ போனா புகையும்.
பெல்ட்டு ஒண்ணுஞ் சொல்லாது.
அத்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிரும்.
அப்புறம் காயலான் கடைதான்."

ஒரு வருடம் இரண்டு மாதம் பேசாத எண்ணுக்கு
நலமா என்றுகூடக் கேட்காமல் அனுப்பினேன்:
பெல்ட் எப்போது மாற்றியது?

பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது, சொல் ஏதுமில்லாமல்.
வைரமணியின் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு.
11.8.2018. 1,17,460.
பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப்.

அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறது.
இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுப் போனவன்
இரவு பத்துக்கு வந்தான், நகத்தில் கறுப்போடு.
எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.

பக்கத்தின் அடியில், பென்சிலில்:
"அணைக்கும் முன் ஒரு நிமிஷம் ஓடவிடணும்.
இல்லன்னா டர்போ காஞ்சுபோகும்.
தேன்மொழிகிட்ட சொல்லணும்."

சொல்லவில்லை.

ஒவ்வொரு மாலையும் வாசலுக்கு வந்த பிறகும்
அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.
சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன்.
வீட்டுக்குள் வர அவனுக்கு மனம் கூட
அவ்வளவு நேரம் ஆகிறது என்று நினைத்தேன்.
ஒன்பது வருடம் அப்படியே நினைத்தேன்.
அதுவும் இருந்திருக்கலாம்.
இரண்டுமே இருந்திருக்கலாம்.

நஜ்முதீன் விரல் விட்டு எண்ணினார்.
"ஓட்டம் அம்பத்தஞ்சுகூட ஆகல.
ஆனா ஆறு வருசம் ஆயிருச்சே.
கிலோமீட்டரா வருசமா, எது முந்துதோ அதுதான் கணக்கு."

பழைய பெல்ட்டை மடக்கிக் காட்டினார்.
பல்லுக்கும் பல்லுக்கும் இடையே முடிபோல வெடிப்பு.
பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய்.
வழியில் ஒரு நோட்டு வாங்கினேன், நாற்பது பக்கம் கிடைக்கவில்லை, எண்பது.

வாசலில் நிறுத்தினேன்.
சாவியில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.
மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்விட்டது.
வண்டி அடிமூச்சில் தடதடக்கிறது,
என் முழங்கால் வரை.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது.
யாரோ எட்டிப் பார்க்கிறார்கள்,
இவள் ஏன் இன்னும் இறங்கவில்லை என்று.