பதினாலு-மூணு-மூணு

கூரியர் பையன் உறையைத் திருப்பிப் பார்த்தான்.
"பதினாலு-மூணு-மூணு... இது எந்தத் தெருக்கா?
கழனிவாசலா, செக்காலையா?"

கதவிலக்கம் இல்லை தம்பி, ஒரு புரதம்.
வடிகுழாயில் பதினான்காவதாய் இறங்கியதாம்,
பசைத்தகட்டில் மூன்று-மூன்று என்ற இடத்தில் நின்றதாம்.
நின்ற இடத்தையே பெயராக்கிவிட்டார்கள்.

சிரித்துக்கொண்டே
புகையும் ஐஸ் பெட்டியோடு மதுரைக்குக் கிளம்பினான்.

உள்ளே இரண்டு மில்லி.
சேவுகனின் முதுகுத்தண்டு நீர்.
வயது ஐம்பத்தாறு, பழைய பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர்.
ஏழு வாரத்துக்கு முன்
தேவகோட்டை வண்டியைத் திருப்பத்தூர் என்று எழுதினார்.
தூக்கமில்லை போல என்றார்கள்.
அடுத்த வாரம் கடிகாரத்தைக் காட்டி
"இது யாரு?" என்றார்.
பிறகு நடை கோணியது.
முப்பது வருடம் ஹாரன்களுக்கு நடுவே
இமை அசையாமல் உட்கார்ந்திருந்தவர்
ஒரு கரண்டி விழுந்தால்
கட்டிலோடு துள்ளுகிறார்.

முதல்முறை எடுத்ததில் ரத்தம் கலந்துவிட்டது.
இளஞ்சிவப்பு. செல்லாது.
ரத்தம் பொய்ச்சாட்சி சொல்லும்.
நாலு நாள் கழித்து மறுபடி ஒருக்களித்துப் படுக்கவைத்தோம்.
அழகுமீனாள் கணவரின் முழங்கால்களை
அவர் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.
சொட்டுச் சொட்டாய் வந்தது,
அரிசி களைந்த ஐந்தாம் தண்ணீர் போல.
"இவ்வளவு சுத்தமா இருக்கே,
இதுல என்னக்கா நோய்?"

டாக்டர் சொன்னார்:
ஒரு புரதம் தப்பாக மடிந்துவிட்டது.
பக்கத்திலிருப்பதை இழுக்கிறது, அதுவும் மடிகிறது,
அதற்கடுத்ததும் மடிகிறது.
அவர் சொன்னது துணி மடிவது.
அவள் காதில் விழுந்தது மற்றது.
ஒரே சொல்லில் இரண்டையும் வைத்த மொழியை
அன்றைக்கு நான் திட்டினேன்.

பதினாலு-மூணு-மூணு குற்றவாளி அல்ல.
இடிந்த வீட்டுச் சாமான் தெருவில் கிடப்பது மாதிரி
உடைந்த மூளைச் செல்லிலிருந்து நீருக்கு வருவது.
பக்கவாதத்திலும் வரும், மூளைக்காய்ச்சலிலும் வரும்.
அதனால் டௌவையும் அளப்பார்கள்.
அதுவும் போதாதென்று,
நல்ல புரதம் உள்ள குழியில் இவருடைய துளியை விட்டு
குலுக்கி, நிறுத்தி, குலுக்கி,
நாள்கணக்கில் பார்ப்பார்களாம்.
கெட்டுப்போனால் ஒளிரும்.

கொப்புடையம்மன் கோயிலைத் தாண்டும்போதெல்லாம்
எரியாதே என்று
ஒரு விளக்கைப் பார்த்து வேண்டியது
அந்தப் பதினோரு நாள்தான்.

ஒளிர்ந்தது.

"மருந்தே இல்லைன்னா எதுக்குக்கா
ரெண்டு தடவ குத்துனீங்க?"
மருந்துள்ள வேறு நோய் ஏதாவது
இதன் வேஷத்தில் வந்திருந்தால்
விட்டுவிடக் கூடாதே என்றுதான் அம்மா.
சரியான பதில்தான்.
சொல்லி முடித்ததும் என் நாக்கு உலர்ந்துபோயிருந்தது.
அவள் தாளை வாங்கி, நாலாய் மடிக்கப்போனவள்
மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஊசியை எரிக்கக் கொடுத்தேன்.
கொதிக்கவைத்தாலும் அது சாகாது,
உயிரே இல்லாததற்குச் சாவு ஏது.
மேசையைக் காரத்தால் துடைத்து
ஒரு மணி நேரம் ஊறவிட்டேன்.

நேற்றுப் பார்க்கப் போனேன்.
வாசலில் அறந்தாங்கி வண்டி ஹாரன் அடித்தது.
சேவுகனின் வலது கை விசுக்கென்று உயர்ந்தது.
"போகச் சொல்றாரு" என்றாள் அழகுமீனாள்.
உதறல் என்று எனக்குத் தெரியும்.
வண்டி போய்விட்டது.