பதினொன்றில் மூன்று போக

வாங்கும்போதே பின்பக்கம்
சக்கரத்துக்குப் பதினொரு பட்டை.
ஏலக்காய் மூட்டை அடித்த ஜீப்.
மூட்டை முனகாது.
மூட்டை வாந்தி எடுக்காது.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு
"அண்ணா இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்காது.

சூரியநெல்லியிலிருந்து மேலே ஏறினால்
பாதி வழியில் பல்லிளிச்சான் பாறை.
நாங்கள் டிரைவர்கள் வைத்த பேர்.
அங்கே வந்ததும் என் வண்டி
விளக்குக் கம்பம் கண்ட நாய்போல
ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.
தூக்கிய சக்கரம் பனியைக் கடையும்.
மண்ணில் நிற்பது
தனக்கொன்றும் தெரியாதென்று சும்மா இருக்கும்.
டிஃபரன்ஷியலின் நியாயம் அப்படி:
பாரம் சுமக்காதவனுக்கே
அத்தனை பலத்தையும் அள்ளிக் கொடுக்கும்.

பூப்பாறையில் ஷைஜன் பட்டறை.
மலையாளத்தில் வைவான், தமிழில் பில் போடுவான்.
"இது வண்டியல்ல சேட்டா, கட்டில்" என்றான்.
சென்டர் போல்ட்டை அறுத்ததும்
பட்டைகள் சரியவில்லை.
துருவில் ஒன்றோடொன்று ஒட்டி
ஒரே இரும்பாய்க் கிடந்தன.
உளி வைத்துத் தட்டித்தான் பிரித்தான்.
ஒவ்வொன்றும் தனித்தனியாக நகர வேண்டியவை.
எத்தனை வருஷமோ நகரவேயில்லை.

தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசி
மூன்றை விலக்கி எட்டைக் கட்டினான்.
சாக்கிலை இரண்டு விரற்கடை நீட்டினான்.
நீளமான ஷாக் அப்சார்பர்
கோட்டயத்திலிருந்து பஸ்ஸில் வந்தது,
கண்டக்டருக்கு நூறு ரூபாய், ஒரு டீ.

பிறகு இடது முன்சக்கரத்தை
அடுக்கிய மரக்கட்டை மேல் ஏற்றச் சொன்னான்.
ஏற்றினேன்.
பின்சக்கரம் கீழே இறங்கியது, இன்னும் இறங்கியது,
கிணற்றில் வாளி போவதுபோல.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஷைஜன் சிரிக்கவில்லை. அடியில் ஊர்ந்து போய்
டார்ச்சை ஒரு இடத்தில் பிடித்தான்.
பிரேக் ஹோஸ்.
விறைத்து, தந்திக் கம்பியாய் நின்றது.
இன்னும் அரை அங்குலம் போயிருந்தால்
மலையில் நானும் ஆறு பேரும்
பிரேக் இல்லாத எட்டுப் பட்டையும்.
"எல்லாத்தையும் நீட்டினோம், இதை மறந்தோம்" என்றான்,
தமிழில்.
அதற்குத் தனி பில்.

மறுநாள் விடியலுக்கு முன்
திருச்சிக்காரர்கள் ஆறு பேர்.
பல்லிளிச்சானில் நாலு சக்கரமும்
பாறையைத் தடவிக்கொண்டே போயின.
ஒருவன் தூக்கம் கலையாமல் தோளை மாற்றிச் சாய்ந்தான்.
மேலே போய் இறங்கியதும்
"அவ்ளோதானாண்ணா? வீடியோல பயங்கரமா இருந்துச்சே."
டிப்ஸ் ஐம்பது.
வழக்கமாக இருநூறு.
ஸ்டாண்டில் திரவியநாதன் சொன்னான்:
"பட்டையைத் திரும்ப மாட்டு.
கூச்சலுக்குத்தான்டா காசு."

இதையும் சொல்லிவிட வேண்டும்.
தார் ரோட்டு வளைவில் வண்டி இப்போது
கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவன்போல் சாய்கிறது.
மெதுவாகத்தான் போக வேண்டியிருக்கிறது.
ஷைஜனுக்கு இன்னும் எட்டாயிரம் பாக்கி.

மேலே ஆம்லெட் கடை போட்டிருக்கிற வெள்ளத்தாய்
இதுவரை எந்த ஜீப்பிலும் முட்டை ஏற்றியதில்லை.
"உங்க வண்டியில வச்சா
போய்ச் சேரும்போதே ஆம்லெட்டா இருக்கும்" என்பாள்.
தலையில் வைத்து நடப்பாள், மூன்று மணி நேரம்.
வியாழக்கிழமை காலில் முள் குத்தியிருந்தது.
வேறு வழியில்லாமல் முன்சீட்டில் ஏறினாள்,
மடியில் இரண்டு அட்டை, அறுபது முட்டை.

வழியெல்லாம் சீட்டுப் பணம் ஏமாற்றிய
கொழுந்தனாரைத் திட்டிக்கொண்டு வந்தாள்.
கம்பியைப் பிடிக்கவேயில்லை,
திட்டுவதற்கு ஒரு கை தேவைப்பட்டது.
நடுவில் நிறுத்திக் கேட்டாள்:
"பாறை எப்ப வரும்?"
நான் கண்ணாடியில் பின்னால் காட்டினேன்.

கடையில் இறங்கி எண்ணினாள்.
ரெண்டு விரிசல்.
"இது உன் கணக்கு."
"வாங்கும்போதே விரிஞ்சிருக்கும்."
"பார்த்துத்தான் வாங்கினேன்.
மூணு கழட்டினியே, நாலாவதையும் கழட்டு."

அடுப்பைப் பற்றவைத்து
அந்த இரண்டையும் உடைத்து ஊற்றினாள்.
மிளகு தூவி என்னிடம் நீட்டினாள்.
சாப்பிட்டு முடித்ததும் காசு கேட்டாள்.
கொடுத்தேன்.