தொண்ணூறு வரை

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
மேனேஜர் என்று ஒருவர் இருப்பதாக
லூட்டன் நகரம் நம்பியது.
இருந்தார்தான். டெரெக் பிளாண்ட்.
பெரும்பாலும் முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

டன்ஸ்டபிள் சாலையில் பதினொரு கார்கள்,
மழையில் தொங்கிப்போன மூன்று கொடிகள், நான்.
வாங்க வந்தவர் முதலில் டயரை உதைப்பார்.
உதைத்தால் என்ன தெரியவரும் என்பது
இன்றுவரை எனக்குத் தெரியாது.
நான்காயிரத்து எண்ணூறு என்றதும்
‘கட்டுப்படியாகாது’ என்பார் முகத்தாலேயே.
அந்தச் சொல் அவர்கள் மொழியில் இல்லை,
முகம் இருந்தது.

“ஒரு நிமிடம், கேட்டுவிட்டு வருகிறேன்.”

உள்ளே கேட்பதற்கு ஒன்றுமில்லை.
எவ்வளவு குறைக்கலாம் என்று
காலையிலேயே பேசி வைத்திருப்போம்.
ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன்,
மனதுக்குள் தொண்ணூறு வரை எண்ணுவேன்.
அறுபதில் திரும்பினால் பொய் தெரிந்துவிடும்,
நூற்றிருபதில் அவர் பஸ் ஏறியிருப்பார்.
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
நான் கையை விரிப்பேன்,
வாயில் முட்டையோடு டெரெக் தலையாட்டுவார்.
வெளியே வந்து நூற்றைம்பது குறைப்பேன்.

ஓ’டுவையர் என்ற பெண் ஒருமுறை
தோளைத் தட்டினாள்:
“எனக்காக உள்ளே சண்டை போட்டாயே.”
அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று எழுதினால்
கவிதைக்கு நன்றாயிருக்கும்.
இறங்கியது.
கமிஷனும் வந்தது.

பிறகு, மோட்டார்வேயிலிருந்து இறங்கும் இடத்தில்
ஒரே வாரத்தில் ஆயிரத்து இருநூறு கார்கள்.
காப்பி இலவசம், பிள்ளைகளுக்குச் சறுக்குமரம்.
விலை ஒவ்வொன்றின் நெற்றியிலும் எழுதியிருந்தது.
தலையெழுத்தோடு யார் பேரம் பேசுவார்?
எங்கள் ஆட்கள் அங்கே போய் டயரை உதைத்துவிட்டு
இங்கே வந்து அந்த விலையைச் சொன்னார்கள்.
அப்புறம் சொல்லவும் வரவில்லை.
அப்புறம் அந்த மைதானமும்
மடித்துச் சுருட்டி ஃபோனுக்குள் போனது.
டெரெக்கின் இடத்தில் மெத்தை விற்கிறார்கள்.
அங்கே பேரம் உண்டாம்.

நான் இப்போது மில்டன் கீன்ஸில், இரவு ஷிப்ட்.
சாட் பெட்டியில் என் பெயர் நிம்.
நிமலராசனுக்கு அங்கே இடம் போதவில்லை.
“நீ மனிதனா?” என்று கேட்பார்கள்.
ஆம் என்று தட்டினால்
இயந்திரமும் அதைத்தானே சொல்லும் என்பார்கள்.
நியாயம்.
விலைகள் தினமும் அதிகாலை மூன்றுக்குத் தாமே மாறும்.
கண்ணாடிக்குப் பின்னால்
இப்போது நிஜமாகவே யாரும் இல்லை.

புதன்கிழமை, இரண்டு இருபது.
வுல்வர்ஹாம்டனிலிருந்து தெரேசா ம்வாலே.
சாம்பல் நிற யாரிஸ், நாற்பத்தோராயிரம் மைல்.
வார்டில் தேநீர் இடைவேளை என்றாள்.
முப்பத்தாறு கோணத்திலும் சுற்றிப் பார்த்திருந்தாள்.
பின்சக்கரத்தில் ஒரு கீறல்,
அதை நாங்களே வட்டமிட்டுக் காட்டியிருக்கிறோம்,
கண்டுபிடிக்கும் சந்தோஷத்தையும் விட்டுவைக்காமல்.

“கொஞ்சம் குறைக்க முடியுமா?”

இதற்குப் பதில் தயாராக இருக்கிறது.
ஒரு விசை தட்டினால் போதும்:
எங்கள் விலை எல்லோருக்கும் ஒன்றே.
விரல் அதன்மேல்தான் இருந்தது.

“கேட்டுப் பார்க்கிறேன்” என்று தட்டினேன்.

எழுந்து தண்ணீர் இயந்திரம் வரை நடந்தேன்.
காகிதக் கோப்பை.
இருபது நாற்காலிகளில் மூன்று பேர்.
எழுபது, எழுபத்தொன்று.
தாமதித்தால் திரையோரம் சிவக்கும். சிவந்தது.
எண்பத்தெட்டில் ஒருவர் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார்.
தொண்ணூறு.

“கேட்டேன். முடியாதாம். மன்னியுங்கள்.”

மூன்று புள்ளிகள் துடித்தன,
நின்றன,
துடித்தன.

“பரவாயில்லை. கேட்டதற்கு நன்றி.”

இரண்டு நாற்பத்தொன்றுக்கு முன்பணம் கட்டினாள்.
மூன்றுக்கு மற்ற யாரிஸ்கள் எல்லாம்
எண்பது பவுண்டு இறங்கின.

இப்போது கமிஷன் கிடையாது.
ஆகவே, அவளிடம் நான் அதைச் சொல்லாததற்கு
அதுவும் காரணமில்லை.