நாலு மணிக்கு முன்

கருங்கலில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டில்
குளிமுறிக்கு வெளிச்சம் போதாது.
மங்கல் பல்பு எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.
அதை நம்பி ஒருநாள் கிளம்பிவிட்டேன்.
திங்கள்நகர் வளைவில் பஸ் திரும்ப,
முகத்தில் நேராக வெயில்.
ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன்:
இடது தாடைக்குக் கீழே ஏழு.
அன்றிலிருந்து பைக்குள் ஒரு பிளக்கர்.
இரணியல் வரை ஜன்னல் சீட் கிடைத்தால்
நாலைந்து பிடுங்கலாம்.
ரோடு குலுங்காத இடங்கள் எனக்கு மனப்பாடம்.

ஸ்கேன் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
முத்துமாலை மாதிரி இருக்கு பாரும்மா, நீர்க்கட்டி
என்றார் டாக்டரம்மா.
மாத்திரை எழுதினார். எடையைக் குறை என்றார்.
முளைச்சது போகாது, இனி முளைக்கிறது மெதுவாகும்
என்பதை மட்டும்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

குப்பைமேனி அரைத்தேன். கஸ்தூரி மஞ்சள் பூசினேன்.
தலையணை உறை மஞ்சளானது.
திருவனந்தபுரத்தில் லேசர், ஆறு தடவை என்றார்கள்,
பிறகு எட்டு என்றார்கள்,
நான் மூன்றோடு நிறுத்தினேன்.
அந்த வருஷம் மழை விடவில்லை,
அப்பாவுக்கு ரப்பர் வெட்டு இல்லை.

ஸ்டான்லி ஒன்றும் கேட்டதில்லை.
ஒருநாள் தன் பிளேடு பாக்கெட்டோடு
இன்னொன்றும் வாங்கிவந்து சோப்பு டப்பா பக்கம் வைத்தார்.
பிங்க் நிறம்.
நான் நன்றி சொல்லவில்லை.
ரெண்டு நாள் கழித்து, தேங்காய் துருவும்போது,
அந்த நிறத்தை நினைத்துச் சிரித்தேன்.

கொரோனா காலத்தில் எல்லாரும்
முகமூடி மூச்சுமுட்டுது என்றார்கள்.
நான் அப்போதுதான் மூச்சுவிட்டேன்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில்
ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு மழித்துவிடுவது
என் வேலைகளில் ஒன்று.
வயிறு, தொடை, நெஞ்சு.
பதமான கை சிஸ்டர், எங்க பழகினிய? என்பார்கள்.

பங்குனி மாதம். ஐந்தாம் வார்டில் ரெக்சலின்,
வயது இருபத்திரண்டு, ஊர் முட்டம்.
பார்வதிபுரம் பாலத்தில் ஸ்கூட்டி சரிந்து
வலது கை தோளோடு கட்டு, இடது கையில் டிரிப்.
யாரையும் உள்ள விடாதுங்கோ என்றாள்,
அம்மையையும்.
ஏசி இல்லாத வார்டில்
போர்வையை மூக்குவரை இழுத்துவிடச் சொன்னாள்.
வலிக்கா? இல்ல.
குளிருதா? இல்ல.

காய்ச்சல் பார்க்கப் போர்வையை விலக்கினேன்.
விழுந்து மூன்று நாள்.
எனக்கு அந்தக் கணக்குத் தெரியும்:
முதல் நாள் விரலுக்கு மட்டும் தெரியும்,
ரெண்டாம் நாள் கண்ணாடிக்கு,
மூன்றாம் நாள் சொந்தக்காரர்களுக்கு.

பார்வையாளர் நேரம் நாலு. அப்போது மூன்று இருபது.
திரையை இழுத்தேன்.
கிண்ணத்தில் வெந்நீர், புது பிளேடு.
அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்,
ஊசிக்கு மூடுவதைவிட இறுக்கமாக.

முகமூடியைக் கழற்றினேன்.
காலை அவசரத்தில் கீறியது சிவந்திருக்கும்.
கண்ணைத் திற பிள்ளே.

திறந்தாள். பார்த்தாள், ரொம்ப நேரம்.
அழுவாள் என்று நினைத்தேன்.

எக்கா, நீங்க கீழேருந்து மேலயா வழிக்கிறிய?
அதான் இப்படிப் பொரிஞ்சு கெடக்கு.

சோப்பு நுரை அவள் வாயில் போகும் அளவுக்குச் சிரித்தோம்.
பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கு
என்னவோ ஏதோ என்று இருமல் வந்தது.

நாலு மணிக்கு அவள் அம்மா
கணவாய்க் கறியோடு வந்தாள்.
மகள் கன்னத்தைப் புறங்கையால் தடவி
மொகம் வாடவே இல்ல பாத்தியா என்றாள்.
நான் அடுத்த கட்டிலில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன்,
முகமூடியோடு.
கழற்றியே இருந்தேன் என்று எழுத ஆசைதான்.

மறுநாள் காலை
மேலிருந்து கீழே வழித்தேன், மெதுவாக.
பஸ்ஸில் ஜன்னல் சீட்.
திங்கள்நகர் வளைவு. வெயில்.
மூன்று.
பிளக்கரைத் தேடினேன்,
பைக்குள் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் போயிருந்தது.
இரணியல் வந்துவிட்டது.
சரி, இருக்கட்டும்.