தன்மை ஒருமை

பேட்டையில் கோமதிநாயகம் டிவி சர்வீஸ்.
பகலெல்லாம் அபிஷேகப்பட்டியில் வகுப்பு,
சாயங்காலம் ஆறிலிருந்து இங்கே பில் போடுகிற வேலை.
சுவர் முழுக்கப் பெட்டிகள். சிலவற்றில்
படம் உண்டு, சத்தம் இல்லை.
சிலவற்றில் சத்தம் மட்டும்.
ஊடகத்தில் பால், பாலியல் என்ற என் ஆய்வுக்கு
இதைவிட நல்ல இடம் கிடையாது என்று சொன்னேன்.
வழிகாட்டி சிரித்துவிட்டு
மாதிரி அளவு என்ன என்றார்.

முப்பது நாள், தினமும் மூன்று மணி நேரம்.
பேசுவது யார், குறுக்கே பேசுவது யார்,
கேமரா எந்த உறுப்பில் தொடங்கி
எத்தனை நொடி கழித்து முகத்துக்கு வருகிறது,
அழுகை எத்தனை, அறை எத்தனை, மன்னிப்பு எத்தனை.
படம் மட்டும் வருகிற பெட்டியில் ஒருத்தி
சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.
சத்தம் மட்டும் வருகிற பெட்டியில் ஓர் ஆண்குரல்
அவள் ஏன் சந்தோஷமாக இருக்கிறாள் என்று விளக்கும்.
இரண்டையும் ஒட்டவைக்கிறேன்.
ஒவ்வொரு ராத்திரியும் சரியாகவே ஒட்டுகிறது.

தாளில் மூன்று கட்டம்:
ஆண், பெண், மற்றவை.

என் பேர் முப்பிடாதி.
எங்கள் பக்கம் அது ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள்.
முதல் நாள் வருகைப் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல்
மிஸ்டரா மிஸ்ஸா என்று கேட்டார்கள்.
எழுந்து நின்றேன்.
அது போதுமென்று எழுதிக்கொண்டார்கள்.

இந்த ஊரில் கூப்பிடும்போதே முடிவாகிவிடும்.
ஏலே என்றால் ஒரு வாழ்க்கை, ஏட்டி என்றால் இன்னொன்று.
ஜங்ஷனில் கை தட்டிக் காசு கேட்கிறவருக்கு
இரண்டும் இல்லை, "இந்தா, தள்ளி நில்லு."
இலக்கணத்தில் ஓர் இடம்தான் யாருக்கும் கணக்குச் சொல்லாதது.
வந்தேன். எழுந்தேன். எண்ணினேன்.
அந்த ஏனுக்குள் எட்டிப் பார்த்தாலும்
ஆளின் பால் தெரியாது.
தெரிவதெல்லாம் ஒரு ஏன் மட்டும்.

இருபத்தோராம் நாள்.
மற்றவை கட்டத்தில் அதுவரை பதினேழு.
பதினேழும் சிரிப்புக் காட்சி.
அன்றைக்குப் பெருமாள்புரத்திலிருந்து
செண்பகவல்லி டீச்சரும், கூட இருக்கும் ரோஸ்லினும்
சரிபார்த்த பெட்டியை எடுக்க ஆட்டோவில் வந்தார்கள்.
ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். போட்டேன்.
பதினெட்டாவது வந்தது.
சேலை கட்டிய மீசைக்காரன், முதுகில் அடி, விழுதல்,
டொய்ங் என்று ஒரு சத்தம்.
அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார்.
நானும் கொஞ்சம் சிரித்தேன்,
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.
ரோஸ்லின், டீச்சருடைய கைப்பை ஜிப்பைத்
திறந்து மூடிக்கொண்டிருந்தார்.
"கலர் நல்லா வருது," என்றார் டீச்சர்.

பில் யார் பேர்ல?
இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை,
அவ்வளவு வருஷப் பழக்கம்.
"ரெண்டு பேர் பேரையும் போடு."
"ஒரு பேருக்குத்தாம்லா எடம் இருக்கு," அண்ணாச்சி.
"சின்னதா எழுதுனா அடங்கும்," ரோஸ்லின்.
சின்னதாக எழுதினேன்.
அடங்கியது.

இதுவரை அறுபத்து மூன்று மணி நேரம்.
எந்தப் பெட்டியிலும் இப்படி ஒரு ரசீது வரவில்லை.
காட்டாததை எண்ணுவதற்கு முறை உண்டா
என்று மறுநாள் கேட்டேன்.
ஆய்வின் வரம்புகள் என்று தலைப்புப் போட்டு
ஒரு பத்தி எழுதிவிடு என்றார் வழிகாட்டி.
பெருமாள்புரத்து வாடகை வீட்டை,
அதில் மொட்டைமாடியில் காயும் ஒரே அளவுச் சேலைகளை,
ஒரு பத்திக்குள்.

தாளின் தலைமாட்டில் ஒரு வரி உண்டு,
குறியீட்டாளர் பாலினம்.
இருபத்தொரு நாளும் கை தானாக நிரப்பிய வரி.
அன்றைக்குப் பேனா அங்கே வந்து நின்றுவிட்டது.
சத்தமில்லாத பெட்டியில் யாரோ யாரையோ
மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணாச்சி கத்தினார்,
கடைசி பஸ் போயிரும், கெளம்பலியா?

வாரேன்.