ஆறாவது நிறுத்தம்

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
ஃபரங்கிஸ் பட்டியல் போடுகிறாள்.
மெய்போதிலிருந்து தமாவந்த் மலைவரை
எழுநூறு கிலோமீட்டர்,
ஒன்பது நிறுத்தம்.

"ஒரே மூச்சில் போனால் பத்து மணி நேரம்" என்கிறேன்.
"அது ஓடு ஏற்றிய லாரிக்கு" என்கிறாள்.
"எனக்கு மூன்று நாள் வேண்டும்."

இருபத்தாறு வருஷம் அந்தச் சாலையில்
தரை ஓடு ஏற்றிப் போனேன்.
எனக்கு அது எண்களால் ஆனது:
எடைமேடை, டீசல், வெப்பமானி முள்,
மிச்சம் எத்தனை மணித் தூக்கம்.
அவளுக்கு அது என் குரலால் ஆனது.
ராத்திரி போன் செய்வேன்.
எங்கே இருக்கிறாய் என்பாள்.
சொல்வேன்.

சொன்னதையெல்லாம் வைத்திருக்கிறாள்.

"நாயின். பழைய சத்திரத்து முற்றத்தில் மாதுளை மரம்,
அதன் அடியில் படுத்திருந்தாய்."
ஒன்று. அரை மணி நேரம்.
"அர்தெஸ்தான். கிணற்றுக்குள் நட்சத்திரம் தெரிந்ததே."
இரண்டு. இருட்டிய பிறகு.
"நதன்ஸ். பேரிக்காய்ப் பூ.
சாலையெல்லாம் வெள்ளை,
சக்கரம் ஏற்ற மனசு வரவில்லை என்றாய்."
மூன்று.
பக்கத்தில் சின்னதாக ஒரு பூ வரைகிறாள்.

தேநீரில் சர்க்கரை கரைந்து வெகுநேரமாகிவிட்டது.
நான் இன்னும் கலக்கிக்கொண்டிருக்கிறேன்.

நதன்ஸில் அன்றைக்கு மழை.
வரிசையில் நாற்பத்திரண்டாவது லாரி என்னுடையது.
எடைமேடை அறையின் போனில் பேசினேன்,
பின்னால் மூன்று டிரைவர்கள் கைக்கடிகாரம் பார்த்தபடி.
குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள்.
அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.
கொஞ்சம் தூங்கட்டுமே என்று
ஒரு தோப்பைப் பூக்கவைத்தேன்.

அப்புறம் விடமுடியவில்லை.
அத்தனை பாலையிலும்
ஊருக்கொரு மரம் நட்டுக்கொண்டே போனேன்.
கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளாம்.
என்னுடையது இருபத்தாறு வருஷம் ஓடியிருக்கிறது,
டயர் மாற்றாமல்.

இனி அதற்கெல்லாம் நானே வழி காட்டவேண்டும்,
மருமகனின் வெள்ளை பிரைடில்,
ஏசி ஓடாது,
பின்சீட்டில் உருளும் தர்பூசணியோடு.

ஆறாவதில் பேனா நின்றது.
"கோம் தாண்டி, முசுக்கட்டை மரத்தடியில் டீக்கடை.
இது வேண்டாம்."
"ஏன்?"
"யதுல்லாவின் பெண்டாட்டியிடம் கேட்டேன்.
அங்கே மரமே கிடையாதாம். உப்புதானாம்."
"எப்போது கேட்டாய்?"
"பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம்."

விரல் விட்டு எண்ணினேன். பதினெட்டு.
பதினெட்டு வருஷம் தெரிந்தே கேட்டிருக்கிறாள்,
பழம் பழுத்ததா,
கடைக்காரருக்குக் கண் எப்படி இருக்கிறது என்று.
அந்தக் கண் ஆபரேஷனுக்கு
வீட்டுப் பணத்திலிருந்து ஐயாயிரம் தோமான்
கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"அதில் என்ன வாங்கினாய்?"
"வைப்பர்."
"நல்லதாகவா?"
"நல்லதாகத்தான்."

பேனாவை என் பக்கம் தள்ளினாள்.
"நிஜமாக ஏதாவது பார்த்திருக்கிறாயா?"

ஹராஸ் சாலையில் ஒரு குளிர்கால விடியல்.
பின்சக்கரம் பஞ்சர்.
ஜாக்கியோடு மல்லுக்கட்டி நிமிர்ந்தால்
கீழே எல்லாம் இருட்டு,
மேலே மலையின் நுனி மட்டும்
உரித்த மாதுளை மாதிரி.
கையெல்லாம் கிரீஸ்.
போனை எடுத்தேன். தூங்குவாளே என்று வைத்துவிட்டேன்.
பிறகும் சொல்லவில்லை.
என் வாயில் வந்தால் அதுவும்
நதன்ஸ் பூ ஆகிவிடும்.

எழுதினேன்:
பத்து. பஞ்சர் ஆன இடம். பெயர் தெரியாது.
கிலோமீட்டர் கல் பக்கத்தில்
உடைந்த தடுப்புச் சுவர்.
விடிவதற்குள் போய்ச் சேரவேண்டும்.

அவள் வாசித்தாள். இரண்டு தரம்.
பிறகு ஆறாவதைத் திரும்பவும் எழுதினாள்:
மரம் இல்லாத இடம்.
டீ நாமே கொண்டுபோகவேண்டும்.

ரசீதை மடிக்கப் போனவள்
முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
"இதைக் கட்டினாயா?"

"கட்டிவிட்டேன்" என்று
வாய்வரை வந்தது.