விருந்தாளியின் விருந்தாளி

குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
காந்தம் பிடித்திருந்த தாளில்
அஜ்மான் கடற்கரை வீட்டின் ஒழுங்குகள், மூன்று மொழியில்.
ஒன்பதாவது:
தங்குபவரைக் காண வருபவர் வரவேற்பறை வரை.
நீச்சல்குளம், நீராவி அறை, மொட்டைமாடி
கைப்பட்டை கட்டியவர்க்கு மட்டும்.

மூன்று நீலப் பட்டை தந்தார்கள்.
எனக்கு, சேவியருக்கு, பையனுக்கு.
முன்பணம் ஐந்நூறு திர்ஹம்
அவர் சட்டைப்பையில் ரசீதாக மடிந்திருந்தது.

வெள்ளி மதியம் மூன்றரைக்கு
ஷார்ஜா பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்
மரியபுஷ்பம், நூர்ஜமீலா, சிவயோகம்.
குளம் இருக்கு, மாத்துத்துணி எடுத்துட்டு வாங்க என்று
போனில் சொல்லியிருந்தேன்.
தாளைப் படிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.
இதற்கென்றே வாங்கிய உடுப்பில்
யோகம் விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை.
நனையாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமாம்.

சேவியர் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டார்.
"இது நம்ம வீடு இல்ல."
அவர் சொன்னதில் தப்பில்லை.
ஆளுக்கு நாலு பேரைக் கூட்டிவந்தால்
காசு கொடுத்தவன் கால் நனைக்க இடமிருக்காது.
விதி எழுதியவன்
கெட்டவனாக இருந்துதான் ஆகவேண்டும் என்றில்லை.

ஆனால்
ரோலா பக்கம் ஒரு கட்டிடம், அறை எண் 302.
பலகை தடுத்த ஒன்பது கட்டில், ஒரே குளியலறை.
அதன் கதவிலும் ஒரு தாள்.
என் பேருக்கு நேரே
காலை நாலு நாற்பது முதல் நாலு ஐம்பத்தைந்து வரை.
அடியில் ஒரு வரி:
வெளியாள் தங்கினால் எல்லாரும் வெளியே.

வேலை போன மாதம்
வாடகை வாங்குபவர் என் பேரை அடித்தார்.
அதன் பிறகும் பதினோரு இரவு அங்கேதான் இருந்தேன்.
ஜமீலாவின் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே
ஒருக்களித்தால் கொள்ளும் இடம்.
விடியலில் இந்த மூன்று பேரும்
தங்கள் பதினைந்தில் ஐந்தைந்து நிமிடம் கிள்ளித் தந்தார்கள்.
சரியாக என் பழைய நேரம்.
கூட்டிப் பார்த்தது இப்போதுதான்.

சேவியருக்கு இது தெரியாது.
சொல்லலாம்தான்.
சொன்னால் கடனடைப்பதுபோல் ஆகிவிடும்.
பிள்ளைகள் மாதிரி
தண்ணீரில் விளையாடத்தானே வந்திருக்கிறார்கள்.

பட்டை வெட்டினால்தான் கழலும் என்றிருந்தார்கள்.
சோப்புக்குக் கழன்றது.

முதலில் யோகம் போனாள்.
பதினான்காம் மாடிப் பால்கனியில்
மற்றவர்கள் தேநீரோடு எட்டிப் பார்த்தோம்.
குளம் தீப்பெட்டி அளவு.
உள்ளே ஏழெட்டுக் கறுப்புத் தலை.
அதில் நம்ம ஆள் எது என்று பந்தயம் கட்டினோம்,
மூன்று பேரும் தோற்றோம்.
அவள் படியில் உட்கார்ந்து
விலைச்சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாளாம்.

ஜமீலா முழுக்கை உடுப்போடு போய்
முழங்கால்வரை நின்றுவிட்டு வந்தாள்.
போதும் என்றாள். முகத்தைப் பார்த்தால் போதவில்லை.

கடைசியில் புஷ்பம், துணைக்குப் பையன்.
காவலுக்கு நின்ற நேபாளிக்காரர்
ஒரே பட்டை மூன்றாவது முறை இறங்குவதைக்
கவனித்தாரோ என்னவோ,
நோட்டைத் திறந்து அறை எண் கேட்டார்.
பயத்தில் அவளுக்குப் பதினாலும் வரவில்லை, ஏழும் வரவில்லை.
"முன்னூத்தி ரெண்டு."
அவர் அவளைப் பார்த்தார்.
பட்டையைப் பார்த்தார்.
முன்னூத்தி ரெண்டு, ஓராள் என்று எழுதிக்கொண்டு
நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார்.

ராத்திரி அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து
கடைசிப் பஸ்ஸை விட்டார்கள்.
டாக்ஸிக்கு சேவியர் காசு கொடுத்தார்.

ஞாயிறு கிளம்பும்போது
பட்டையில் கீறல் என்று பத்து திர்ஹம் பிடித்தார்கள்.
சேவியர் ரசீதைப் படித்தார், மடித்தார், ஒன்றும் கேட்கவில்லை.
விமான நிலையம் போகும் வழியில்
பையன்தான் கேட்டான்:

அம்மா,
முன்னூத்தி ரெண்டுல
யார் இருக்காங்க?